பதிவு எண் இல்லாத படகுகள்

எங்கள் நால்வரின் அலமாரிகளிலும் இருந்த கவிதைத் தொகுப்புகளையும் சிறுகதைத் தொகுப்புகளையும் பழைய சிற்றிதழ்களையும் ஒரு ஞாயிறு மாலை தரையில் பரப்பிவைத்து, அட்டைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். நால்வர் வீட்டுப் புத்தகங்கள்தான். இதை ஆய்வென்று யாரும் கொள்ள வேண்டாம். படகு அச்சிடப்பட்ட அட்டைகளைத் தனியே அடுக்கியபோது ஓர் உண்மை புலப்பட்டது. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு பதிப்பகங்கள் வெளியிட்ட அந்த அட்டைகளில் இருந்தது ஏறக்குறைய ஒரே படகு. அது மணலில் சாய்ந்து கிடக்கிறது. நீல வண்ணம் உரிந்து அடியிலிருக்கும் பச்சை தெரிகிறது. அருகில் ஆளில்லை. தலைப்பை அச்சிடுவதற்கு வசதியாக வானம் நிறைய இருக்கிறது. எங்களில் ஒருவர்தான் அதைக் கவனித்துச் சொன்னார்: ஒரு படகில்கூடப் பதிவு எண் இல்லை.

1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மீன்பிடிப் படகுகள் பதிவு செய்யப்பட வேண்டும். எண்ணைப் படகின் மேல் எழுதியிருக்க வேண்டும். காசிமேட்டில் நிற்கும் எந்த விசைப்படகின் அணியத்தைப் பார்த்தாலும் அந்த நீண்ட எண் தெரியும். சொந்தக்காரரின் குலதெய்வமோ மாதாவோ குழந்தையின் பெயரோ பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். அப்படியிருக்க, அட்டைப் படகுகளில் மட்டும் அது ஏன் இல்லை? படமெடுத்தவர் அதைத் தவிர்த்திருக்கிறார். அவர் தவிர்க்காதபோது வடிவமைப்பாளர் வெட்டியிருக்கிறார். எண் இருந்தால் படகுக்கு ஒரு சொந்தக்காரர் வந்துவிடுவார். அவருக்கு ஒரு கடன் இருக்கும், டீசல் கணக்கு இருக்கும், தடைக்காலம் இருக்கும். ‘காலமற்ற தனிமை’ குலைந்துவிடும். இந்தத் தவிர்ப்பைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம். நண்பர்கள் சிலர் கோபித்துக்கொள்வார்கள் என்று தெரியும். அந்தப் படங்களில் இரண்டு எங்களுடையவை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரையிலான கரைதான் எங்கள் வீட்டருகிலுள்ள கடல். 2009 முதல் அங்கே படமெடுத்து வருகிறோம். தொடக்கத்தில் எங்கள் கண்ணும் அட்டைப்பட வடிவமைப்பாளரின் கண்ணாகத்தான் இருந்தது. துருவேறிய நங்கூரம், உப்புப் பூத்த சுவர், மட்கிய கயிறு, சிப்பி ஒட்டிய மரத்துண்டு. ‘சிதைவின் அழகியல்’ என்ற சொற்றொடரை எங்களில் யார் முதலில் உச்சரித்தார் என்று இப்போது ஒருவரும் ஒப்புக்கொள்ள மறுக்கிறோம்.

2014ஆம் ஆண்டு, ஒரு சிறிய அரங்கில் எங்கள் படங்களைக் காட்சிக்கு வைத்தோம். அவற்றுள் பலரும் நின்று பார்த்த படம் ஒன்று உண்டு. எண்ணூர்க் கழிமுகத்தில் எடுத்தது. வெளிர்சாம்பல் நிறத் தரை, அதில் நுண்ணிய வெடிப்புகள், காலைச் சாய்வொளியில் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு மெல்லிய நிழல். நிலவின் தரைபோல இருப்பதாக ஒருவர் பாராட்டினார். அரூப ஓவியம் போலிருக்கிறது என்றார் மற்றொருவர். ‘நிலவெளி 3’ என்று தலைப்பிட்டிருந்தோம். எங்கள் அழைப்பின்பேரில் எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் அதன்முன் வெகுநேரம் நின்றார். பிறகு, “இது நாங்க எறா தடவுற எடம் தம்பி. இப்ப சாம்பலு” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் அந்தக் கழிமுகத்தில், பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் அமர்ந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பது ஒரு தொழில். அனல்மின் நிலையத்துச் சாம்பலை நீரோடு கலந்து கொண்டுசெல்லும் குழாய்கள் கசிந்து, பல ஆண்டுகளாக அந்தச் சேற்றின்மேல் சாம்பல் படிந்துவந்தது. நாங்கள் படமெடுத்தது படிந்து காய்ந்து வெடித்த அந்தச் சாம்பலை. எடுத்த அன்று அது சாம்பல் என்று எங்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டுதான் ‘நிலவெளி 3’ என்று எழுதினோம். தலைப்பில் ‘சாம்பல்’ என்ற சொல் வந்தால் படம் செய்தியாகிவிடும், கலையாக நிற்காது என்று எங்களுக்குள் பேசி முடிவெடுத்தோம். அறியாமையால் நேர்ந்த பிழையாக இருந்திருந்தால் மன்னித்துக்கொள்ளலாம். இது தேர்ந்தெடுத்த ரசனை.

இந்த இடத்தில் எங்களோடு மாறுபடும் நண்பர்கள் வெஸ்டனை அழைத்துவருவார்கள். அழைக்கட்டும், எங்களுக்கும் அவர் ஆசான்தான். எட்வர்ட் வெஸ்டன் 1929இல் கலிஃபோர்னியாவின் கார்மெல் ஊருக்குக் குடிபெயர்ந்தார். அருகிலிருந்த பாயிண்ட் லோபோஸ் முனைக்குப் பெரிய வடிவக் கேமராவைச் சுமந்துபோய், இடையில் எத்தனையோ பயணங்கள் வந்தபோதும் திரும்பத் திரும்ப அங்கேயே படமெடுத்தார். அரிக்கப்பட்ட பாறை, சைப்ரஸ் மரத்தின் வேர், கரையொதுங்கிய கடற்பாசி, இறந்துகிடந்த ஒரு கூழைக்கடா. நடுக்குவாதம் கைகளை முடக்கிய பிறகு, 1948இல் அவர் எடுத்த கடைசிப் படமும் அங்கே எடுத்ததுதான். வீட்டருகே இருக்கும் ஒரு துண்டுக் கரை ஒரு கலைஞனின் இருபதாண்டுக்குப் போதுமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. உலகம் உடைந்து நொறுங்கிக்கொண்டிருக்கும்போது ஆடம்ஸும் வெஸ்டனும் பாறைகளைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறார்களே என்று கார்த்தியே-பிரஸ்ஸோன் 1930களில் அங்கலாய்த்ததாகச் சொல்வார்கள். அந்தக் கட்சியிலும் நாங்கள் இல்லை. பாறையைப் பார்க்கத் தெரியாதவனுக்கு முகத்தையும் பார்க்கத் தெரியாது என்பது எங்கள் துணிபு.

ஆனால் வெஸ்டனை முன்வைத்து வாதிடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவருடைய பாறையை அரித்தது அலையும் காற்றும் பல்லாயிரம் ஆண்டுகளும். அதற்கு மேல்முறையீடு கிடையாது. திருவொற்றியூரில் பாதி இடிந்து நிற்கும் வீட்டுச் சுவரை அரித்ததும் அலைதான். ஆனால் அந்த அலையை அங்கே வரவழைத்தது மனிதர்கள் எடுத்த ஒரு முடிவு. இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பதை நடுநிலை என்று எங்களால் ஏற்க முடியவில்லை. போகட்டும், பாயிண்ட் லோபோஸுக்கும் மனிதர்கள் இருந்தார்கள். 1850களில் சீன மீனவர்கள் அங்கே குடியிருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானிலிருந்து வந்த கென்னொசுகே கொதானி அங்கே அபலோனி என்னும் கடல்நத்தையை டப்பாவில் அடைக்கும் ஆலையை ஒரு கூட்டாளியோடு நடத்தினார். வெஸ்டனின் புகழ்பெற்ற பாறைகளிலிருந்து இந்த மனிதர்களை யாரும் ஊகிக்க முடியாது. அது அவருடைய மேதைமையைக் குறைக்கவில்லை. ஆனால் அந்த மேதைமைக்கு ஓர் எல்லை இருந்தது, அந்த எல்லையை நாம் இலட்சணமாக எடுத்துக்கொண்டுவிட்டோம்.

எங்கள் சுவருக்கு வருவோம். சென்னைத் துறைமுகத்துக்கு 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் நீண்ட அதன் கற்சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் தெற்கிலிருந்து வடக்காக மணலை நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. வடகிழக்குப் பருவத்தில் சில மாதங்கள் திசை மாறினாலும், நிகரக் கணக்கில் மணல் போவது வடக்கேதான். அந்த ஓட்டத்தின் குறுக்கே கல்லைப் போட்டதும் தெற்கே மணல் தேங்கியது, வடக்கே வரவேண்டிய மணல் வராமல் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. தேங்கிய மணல்தான் இன்றைய மெரினாவின் அகன்ற பரப்பு. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாச்சாலை அமைத்து அந்தப் பெயரைச் சூட்டியபோது கடல் சாலைக்கு வெகு அருகில் இருந்தது. இழந்தது இராயபுரமும் அதற்கு வடக்கேயுள்ள குப்பங்களும். கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டினார்கள், பிறகு தூண்டில் வளைவுகள் போட்டார்கள். ஒவ்வொரு வளைவும் தன் தெற்கில் கொஞ்சம் மணலைச் சேர்த்துக்கொண்டு வடக்கிலிருப்பவரைக் கடலிடம் ஒப்படைத்தது. 2001இல் எண்ணூரில் இன்னொரு துறைமுகம் வந்தது, கதை மேலும் வடக்கே நகர்ந்தது.

ஆக, மெரினாவில் மாலையில் எடுக்கப்படும் சுண்டல்காரச் சிறுவனின் படமும், திருவொற்றியூரில் உப்பு பூத்த சுவரின் படமும் ஒரே நிகழ்வின் இரு பாதிகள். மெரினாவைப் படமெடுக்கும் நூறு பேரில் ஒருவருக்காவது தான் நிற்கும் மணல் வேறொருவருடைய வாசல் என்று தோன்றியிருக்குமா? இரண்டையும் அருகருகே வைத்து ஓர் இதழாவது அச்சிட்டிருக்கிறதா? நாங்கள் பார்த்த வரையில் இல்லை. படங்களின் கீழே ஒரு வரி விளக்கம் எழுதினாலே ‘படம் தானே பேச வேண்டும்’ என்று கடிந்துகொள்ளும் மரபில் வந்தவர்கள் நாம். இந்த விதி கவிஞர்களுக்கு மட்டும் ஏன் இல்லையென்று தெரியவில்லை. அவர்கள் தலைப்பு வைக்கிறார்கள், காணிக்கை எழுதுகிறார்கள், அடிக்குறிப்பும் போடுகிறார்கள்.

தனுஷ்கோடிக்கு வருவோம், கேமரா வாங்கிய தமிழர் எல்லோரும் ஒருமுறை அங்கே வந்துதான் தீர வேண்டும். சென்னையிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து, 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவரைப் படமெடுக்கிறோம். பவளப்பாறைக் கற்களால் கட்டிய சுவர், தேன்கூடுபோல் அரிக்கப்பட்டிருக்கிறது, உண்மையிலேயே அழகுதான். அரிச்சல்முனை வரை 2017இல் சாலை வந்த பிறகு வேனில் போய் இறங்கலாம். ஆட்டோ தூரத்தில் நம் ஊரிலேயே இடிந்துகொண்டிருக்கும் சுவர்களை விட்டுவிட்டு அங்கே ஏன் போகிறோம்? அந்த அழிவு முடிந்துபோனது. புயல் செய்தது, யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால் போதும். அங்கேயும் இன்றுவரை மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. சங்கும் சிப்பியும் விற்கிறார்கள், கரைவலை இழுக்கிறார்கள். அவர்களுடைய கூரைகள் சட்டகத்துக்குள் வந்துவிடாதபடி நாம் எத்தனை கவனமாக இடம் மாறி நிற்கிறோம் என்பதை, அங்கே சென்றுவந்த நண்பர்கள் தங்கள் மனத்துக்குள் நினைத்துப் பார்க்கட்டும்.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இந்தப் படங்களுக்கெல்லாம் ஒரு பண்டைய அனுமதிச்சீட்டாக அதைக் காட்டும் கட்டுரைகளையும் படித்திருக்கிறோம். அது பாதி வாசிப்பு. நெய்தல் கவிஞர்கள் இரங்குவதற்கு முன்னால் கரையைத் துல்லியமாகப் பார்த்தவர்கள். புன்னை வேறு, ஞாழல் வேறு, தாழை வேறு. அடும்பின் இலை மானின் குளம்புபோலப் பிளந்திருப்பதைக் கவனித்திருக்கிறார்கள். காயவைத்த மீனைக் கவரவரும் பறவைகளை யார் விரட்டுகிறார்கள், உப்பு வண்டி எந்தப் பக்கம் போகிறது, வண்டியோட்டும் உமணர் யார் என்றெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அத்தனை தெரிந்த பிறகு வருகிற இரக்கம் அது. இன்றைய அட்டைப்படத்தில் இருப்பது இரக்கம் மட்டும். கரையில் கிடப்பது கட்டுமரமா, வள்ளமா, ஃபைபர் படகா என்று கேட்டால் எடுத்தவருக்கே தெரிவதில்லை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் பெருமளவில் வந்தன, கட்டுமரம் ஒதுங்கியது. கட்டுமரம் கடலிலிருந்து வந்ததும் அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் காயவைப்பார்கள். நீர் குடித்த மரம் கனத்துவிடும். அவிழ்த்துக் காய்கிற அந்த மரங்களைத்தான் எங்கள் நண்பர் ஒருவர் ‘கைவிடப்பட்டவை’ என்ற தலைப்பில் வரிசையாக எடுத்து வைத்திருந்தார். கைவிடப்படவில்லை ஐயா, மாலை நான்கு மணிக்கு மறுபடி கட்டுவார்கள்.

வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இல் வெளிவந்தது, ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004இல். கடலையும் கரையையும் உள்ளிருந்து எழுதிக்காட்ட முடியும் என்று நம் உரைநடை எப்போதோ நிறுவிவிட்டது. நம் புகைப்படம் மட்டும் இன்னும் சுற்றுலா மாளிகையிலிருந்து இறங்கவில்லை. விதிவிலக்குகள் உண்டு. எம். பழனி குமார் மன்னார் வளைகுடாவில் கடற்பாசி எடுக்கும் பெண்களை எடுத்த படங்களில், விரல்களில் சுற்றிய துணிப்பட்டை இருக்கிறது. தேய்வையும் கிழிசலையும் விரும்பும் நம் கண்ணுக்கு அது ஒரு ‘விவரம்’. பாறையில் கை கிழியாமலிருக்கச் சுற்றியது என்று தெரிந்ததும் அதே விவரம் வேறாகிறது. மீன் விற்ற தன் தாயையும் அவர் படமெடுத்து எழுதியிருக்கிறார். வீட்டருகே படமெடுப்பது என்பதற்கு அதைவிட நெருங்கிய பொருள் இல்லை. 2022இல் தொடங்கப்பட்ட தயனிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருதை முதலில் பெற்றவர் அவர்தான் என்பது நம் இலக்கிய இதழ்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

துருவைப் படமெடுக்காதீர்கள் என்று நாங்கள் சொல்வதாக யாரும் திரித்துவிட வேண்டாம். துரு பேசக்கூடியது. கான்கிரீட்டுக்குள் உப்பு நுழைந்து கம்பி துருப்பிடிக்கும்போது, இரும்பைவிடத் துருவுக்கு அதிக இடம் தேவைப்படுகிறது. அது உள்ளிருந்து தள்ளிக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. ஒரு தூணின் வெடிப்பை நெருங்கிப் பார்த்தால், வெளியிலிருந்து அடிபட்டதா, உள்ளிருந்து பிளந்ததா என்று சொல்லிவிடலாம். சுவரில் உப்புப் பூத்திருக்கும் உயரம் ஈரம் எதுவரை ஏறுகிறது என்பதைக் காட்டும். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிச் சிந்திய எண்ணெயும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்த எண்ணெயும் கரையோரக் கற்களிலும் படகுகளின் வயிற்றிலும் கறுப்புக்கோடு போட்டன. அந்தக் கோட்டை ‘வண்ணங்களின் உரையாடல்’ என்று பார்க்க ஒரு தனி வகைக் கல்வி வேண்டும். எங்களுக்கு அந்தக் கல்வி இருந்தது. மறக்கப் பல ஆண்டுகள் ஆயின.

நெருங்கிப் போவதோடு விலகி நின்றும் ஒரு படம் எடுக்க வேண்டும். எண்ணூர்ப் பெரியவர் வந்துபோன பிறகும் இது எங்களுக்கு உடனே உறைக்கவில்லை. நெருங்கிய படங்களுக்குச் சாம்பல், எண்ணெய் என்று பெயர் வைக்கப் பழகினோம், அவ்வளவே. உறைக்கவைத்தது ஒரு வீடு.

கடலுக்கு முதல் வரிசையில் இருந்த சிறிய ஓட்டு வீடு. தெற்குச் சுவரில் நல்ல நீலம். ஆண்டுக்கொருமுறை பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பின் அடுக்குகள் உரிந்து, பழைய ஆண்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். கிழக்கே கடலிலிருந்து எழும் சூரியன் அந்தச் சுவரின்மேல் பக்கவாட்டாகப் படும் நேரம் இருபது நிமிடம்தான் கிடைக்கும். அந்த இருபது நிமிடத்துக்காக ஆண்டுக்கணக்கில் போயிருக்கிறோம். வீட்டிலிருந்த அம்மாள் சில நாட்கள் டீ கொடுத்திருக்கிறார். “இந்த செவுத்துல இன்னாதான் தம்பி இருக்குது?” என்று ஒருமுறை கேட்டார். சிரித்து மழுப்பினோம். ஒரு வடகிழக்குப் பருவத்தில் அந்த வீடு போயிற்று. அவர்கள் உறவினர் வீட்டுக்கும், பிறகு தொலைவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் போனார்கள்.

ஓராண்டு கழித்து அந்த அம்மாள் தன் மகனோடு எங்களைத் தேடி வந்தார். வீட்டைப் பற்றி ஏதோ ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தார்கள். வீடு அங்கே இருந்ததற்குப் படம் இருந்தால் கொண்டுவரச் சொன்னார்களாம். அவர்களிடம் இருந்த படங்களெல்லாம் வீட்டோடு போய்விட்டன. “நீங்கதான் எத்தினியோ வாட்டி புடிச்சீங்களே” என்றார். அன்றிரவு உட்கார்ந்து அந்தச் சுவரின் படங்களை எல்லாம் திறந்தோம். 214 படங்கள் இருந்தன. நீலம் இருந்தது, அதன் கீழே மஞ்சள் இருந்தது, உப்பின் படிகங்கள் ஒவ்வொன்றாக எண்ணும் அளவுக்குக் கூர்மையாக இருந்தன. வாசல் ஒன்றில்கூட இல்லை. கதவு எண் இல்லை. மின்வாரியப் பெட்டி ஒரு படத்தின் ஓரத்தில் பாதி வந்திருந்தது. அதையும் அச்சிட்ட பிரதியில் வெட்டியிருந்தோம்.

மறுநாள் அவற்றைத் திரையில் ஒவ்வொன்றாக அவருக்குக் காட்டினோம். மகன் பொறுமையிழந்து வெளியே போய் நின்றார். அம்மாள் கடைசிவரை பார்த்தார். அறுபதாவதோ எழுபதாவதோ படத்தில் நிறுத்தச் சொன்னார். எங்கள் கண்ணுக்கு அது மற்றவற்றைப் போலவே ஒரு நீலப் பரப்பு. கீழ் ஓரத்தில் ஒரு கறை. அவருடைய பேரன் முதன்முதலில் பிடித்து நின்ற இடமாம், எண்ணெய்க் கை பட்டுப் பட்டு அப்படி ஆனதாம். அலுவலகத்துக்கு இது ஆகாது என்று அவரே சொன்னார். சின்ன அளவில் இரண்டு பிரதி போட்டுத் தரச் சொன்னார். பெரிதாக வேண்டாம், அந்த வீட்டில் மாட்டச் சுவரில் ஆணி அடிக்கக்கூடாதாம்.